சாட்சி சொல்ல ஒரு பாவம்

"மீராசா காக்காட மகன்மார் வந்திரிக்காங்க. உன்னத்தான் கேக்காங்க" என்று எலிசா ஓடிவந்து சொன்னபோது, ஆராதனை முடிந்து யாகோப்பு பாட்டுப் புத்தகங்களை அடுக்கிக்கொண்டிருந்தான். கையிலிருந்த புத்தகங்கள் எல்லாம் நிலத்தில் விழுந்தன.

யன்னலால் எட்டிப் பார்த்தான். தேவாலயக் கேற்றடியில் மீராசாவின் மூத்த மகன் மஜீட்டும் அவனுடைய தம்பியும் நின்றார்கள். அவர்களுக்குப் பின்னால் இன்னும் ஐந்தாறு பேர், சாரனை மடித்துக் கட்டியபடி.

வராமல் என்ன செய்வார்கள்? நேற்றுப் பின்னேரம் வாலிபர் கூட்டத்தில் யாகோப்பு அழுது அழுது சொன்னதை, மரத்தில் கட்டியிருந்த ஒலிபெருக்கி கல்முனைக் கடைத்தெரு முழுவதற்கும் சொல்லிவிட்டது. மாரி மழைக்குள் வயலிலிருந்து நடந்து வந்த, ஊரார் அண்ணன் முறையில் காக்கா என்று கூப்பிடும் மீராசாவைச் சைக்கிளால் மோதி விழுத்திவிட்டு, திரும்பியும் பாராமல் போனவன் தான்தான் என்று அவன் ஒத்துக்கொண்டிருந்தான். மீராசா மூன்று மாதமாகப் படுக்கையில் கிடக்கிறார்.

பாட்டுப் புத்தகங்கள் வைக்கும் சிறிய அறைக்குள் புகுந்து யாகோப்பு கதவைச் சாத்திக்கொண்டான். அவனுக்கு வயது பதினாறுதான். போதகரும் அன்று வேறு ஊர் ஆராதனைக்குப் போயிருந்தார்.

கொஞ்ச நேரத்தில் கதவைத் தள்ளிக்கொண்டு நல்லரெத்தினம் வந்தார். வாலிபர்களை நடத்துகிறவர் அவர்தான்; களுவாஞ்சிகுடியில் கணக்கு வாத்தியார். மோட்டார் சைக்கிளைத் திருத்தக் கொடுத்திருந்ததால் கொஞ்சக் காலமாக அவருக்குப் பஸ்தான், அன்றும் பாதி ஆராதனையில்தான் வந்து சேர்ந்திருந்தார்.

"அது பொய், அண்ண" என்றான் யாகோப்பு. "நான் ஒருத்தரையும் மோதல்ல. அண்டைக்கு நான் காய்ச்சல்ல வீட்டதான் கிடந்தன். அம்மாட்டக் கேட்டுப் பாருங்க."

நல்லரெத்தினத்தின் முகம் வெளிறிவிட்டது. "என்னத்துக்கடா அப்பிடிச் சொன்னாய்?"

அந்தச் சபை வாலிபர்களுக்குச் சாட்சி சொல்வதும் ஒரு பரீட்சைதான். சொல்லத் தெரியாத விசுவாசம் ஊமை விசுவாசம் என்று நல்லரெத்தினம் அடிக்கடி சொல்லுவார். அவரே ஆண்டுதோறும் எழுந்து, இருபது வயதில் தான் குடித்த சாராயத்தைக் கண்ணீரோடு எடுத்துரைப்பார். சாட்சி சொல்லும் பெரியவர்களின் பாவங்கள் எல்லாம் எப்போதும் மனந்திரும்புவதற்கு முந்தினவையாகத்தான் இருக்கும்.

போன மாதம் எலிசா பரீட்சையில் பார்த்தெழுதியதைச் சொல்லிச் சபையையே அழவைத்தாள். யாகோப்போ பிரசங்கத்தின்போது தூங்கியதைத் தவிர வேறொரு பாவமும் கைவசம் இல்லாதவன்.

"எனக்குச் சொல்ல ஒண்டும் இல்ல, அண்ண. விசுவாசம் இரிக்கி. அழுது சொல்ற மாதிரி ஒரு பாவம்தான் இல்ல. அவர ஆர் மோதின எண்டு ஒருத்தருக்கும் தெரியாதே, அதுதான் நான்..."

வேலியில் போன ஓணானை மடியில் கட்டிக்கொண்ட கதைதான்.

வெளியே மஜீட்டின் குரல் கேட்டது. "பொடியன அனுப்புங்க. நாங்க அடிக்க வரல்ல, கேக்கத்தான் வந்த. கேட்டுப்போட்டுப் பொலிசுக்குப் போவம்."

பொலிஸ் என்றதும் யாகோப்பு அப்படியே நிலத்தில் குந்திவிட்டான். அது எண்பத்துநாலாம் ஆண்டு. தமிழ்ப் பொடியன் ஒருவனைப் பொலிஸ் கொண்டுபோனால் எப்போது திரும்பி வருவான், வருவானா என்று யாராலும் சொல்ல முடியாது. அவனுடைய அம்மா செல்லத்தங்கத்துக்கு அவன் ஒரே பிள்ளை.

"வெளிய வந்து பொய் எண்டு சொல்லு" என்றார் நல்லரெத்தினம். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"நான் சொன்னா நம்புவாங்களா? மைக்கில அழுதிருக்கன். நீங்க சொல்லுங்க, அண்ண. நீங்க பொய் சொல்ல மாட்டீங்க எண்டு ஊருக்கே தெரியும்."

நல்லரெத்தினம் கதவுப் பக்கம் திரும்பினார். கதவின் கொண்டியைப் பிடித்தார், விட்டார், மறுபடியும் பிடித்தார். நெற்றியால் வியர்வை வழிந்து மூக்குக் கண்ணாடிக்குள் இறங்கியது.

"பயமாக் கிடக்கடா, தம்பி" என்றார்.

அண்ணன் வாயிலிருந்து அப்படி ஒரு சொல்லை யாகோப்பு கேட்டதே இல்லை. அவருக்கே பயம் என்றால் தன்னுடைய கதி என்ன? அழுகையை அடக்கிக்கொண்டு அவருடைய சேர்ட் நுனியைப் பிடித்தபடி வெளியே நடந்தான்.

கேற்றடியில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். மஜீட் யாகோப்பை மேலும் கீழும் பார்த்தான். ஒல்லிப் பொடியன், காற்றடித்தால் விழுந்துவிடுவான்.

"நீ சைக்கிள்ல வந்து மோதியா எங்கட வாப்பாட கால் ரெண்டு துண்டாப் போச்சு?" என்றான். குரலில் கோபத்தைவிடக் களைப்புத்தான் கூட. "டொக்டர் இது சைக்கிள் மோதின காயமில்ல எண்டெல்லோ சொன்னார். மூணு மாசமா மனிசன் நிண்டு தொழ ஏலாமக் கிடக்கார். படச்சவனுக்குப் பயந்து உண்மையச் சொல்லு, தம்பி. என்னத்தில வந்த?"

யாகோப்பு பிடித்திருந்த சேர்ட் நுனியை இழுத்தான். "சொல்லுங்க, அண்ண" என்று நல்லரெத்தினத்தைப் பார்த்து முனகினான்.

நல்லரெத்தினம் அவனைத் தன் முதுகுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மஜீட்டுக்கு நேரே போய் நின்றார்.

"மோட்டச்சைக்கிள், காக்கா. ஓட்டினது நான்."