இரண்டாவது ஓலை

மலேசியாவின் பத்து காஜா ஊர்க் கோயிலில் ஞாயிறு பூசை முடியும் நேரம். பாதர் கல்யாண ஓலைகளை வாசித்தார். போன ஞாயிறு வாசித்த இரண்டு ஜோடிகளில் இந்த வாரம் ஒரு ஜோடிதான் இருந்தது. பெர்னார்ட், கத்தரின் பெயர்களைக் காணோம்.

கோயிலே திரும்பிக் கத்தரினைப் பார்த்தது.

மூன்று ஞாயிறு தொடர்ந்து ஓலை வாசித்தால்தான் கல்யாணம். யாருக்காவது ஆட்சேபம் இருந்தால் அதற்குள் பாதரிடம் சொல்லிவிட வேண்டும். நடுவில் ஓலை நின்றால் என்ன அர்த்தம் என்று ஞானோபதேச வகுப்புப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

கத்தரினின் அப்பா சூசைநாதன் விறுவிறுவென்று பாதரிடம் போனார். தோட்ட ஆபிசில் கணக்கெழுதும் கிராணியாக இருந்தவர். அடுத்தவர் சொல்லைக் கேட்டுப் பழக்கமே இல்லை.

"யார் பாதர் நிறுத்தினது?"

"மாப்பிள்ளையோட அம்மா. காரணத்தை அவங்ககிட்டயே கேட்டுக்குங்க."

சொல்லும்போது பாதர் ஏனோ அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ரோசம்மாவா? போன வாரம்வரை கத்தரினைத் தலையில் தூக்கி வைத்து ஆடிய பொம்பளையாயிற்றே! கோழி அடித்தால், பெற்ற மகனுக்குக்கூடக் கொடுக்காமல் ஈரலை இவளுக்குக் கொடுத்தனுப்புவாளே!

"அந்தப் படிப்புதான் காரணமா இருக்கும்" என்று வாசலிலேயே பேச்சு கிளம்பிவிட்டது.

படிப்பு விஷயம் இதுதான். கத்தரின் செர்டாங் கல்லூரியில் காட்டியல் படித்துவிட்டு ஈப்போவில் வேலை பார்க்கிறாள். முதல் ஓலை வாசித்த மறுநாள் இங்கிலாந்திலிருந்து அவளுக்குத் தந்தி வந்தது. டாக்டர் பட்ட ஆராய்ச்சி. செலவு முழுக்க அவர்களுடையது. இங்கே வடக்கே கிரிக் பக்கத்துக் காட்டில் என்னென்ன மரம், பறவை, பூச்சி இருக்கிறது, காட்டை வெட்டி விற்றால் லாபமா, விட்டுவைத்தால் லாபமா என்று கண்டுபிடிக்க வேண்டும். கல்யாணம் ஆகாதவர்களுக்கு மட்டும்தான். மாதக் கடைசியில் இங்கிலாந்துக்குப் புறப்பட வேண்டும்.

கத்தரின் குதித்தாள். அப்பா ஒரே பேச்சில் முடித்துவிட்டார்.

"ஓலை வாசிச்சாச்சு. இனிமே பொண்ணு வீட்டுலேருந்து நிறுத்தினா, நாலு பேரு உன்னப்பத்தி என்ன பேசுவாங்க?"

அதோடு அவளும் போகவில்லை என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து சாப்பாட்டைப் பிசைந்ததுதான் அதிகம், சாப்பிட்டது குறைவு.

சூசைநாதன் கோயிலிலிருந்து மகளையும் இழுத்துக்கொண்டு நேரே ரோசம்மா வீட்டுக்குப் போனார். அவள் வாசலில் கோழிக்குத் தீனி போட்டுக்கொண்டிருந்தாள். கணவன் இல்லாமல் ரப்பர் மரத்தில் பால் வெட்டியே மகனை வாத்தியாராக்கியவள். அந்த வாத்தியார் பெர்னார்ட், அம்மாவுக்குப் பின்னால் நின்றான்.

"ஓலைய நிறுத்தச் சொன்னியா?" நேற்றுவரை 'சம்பந்தி, நீங்க' என்று பேசியவர்.

"ஆமாண்ணே."

"என் மககிட்ட என்ன கொறையக் கண்ட?"

"காட்டுப் படிப்பு ஒண்ணு வந்திருக்காமே. பூச்சி புழுவெல்லாம் தேடிப் போகணுமாம்லா."

"அதான் போகலன்னு சொல்லிட்டாளே!"

"உடம்புதாண்ணே போகல. மனசு காட்டுலதான் கெடக்கு. நான் ஆயுசு பூரா பால் மரத்தைப் பாத்து அலுத்தவ. எனக்கு வீட்டுல இருக்கிற மருமக வேணும். இவ படிப்பெல்லாம் எங்களுக்கு சூசாலா, சரிப்பட்டு வராது."

கத்தரினுக்குக் கண் நிறைந்துவிட்டது. "அத்தை, நான்தான் வேணாம்னு எழுதப் போறேனே..."

"எழுதினா என்ன, எழுதாட்டி என்ன? முடிஞ்சது முடிஞ்சதுதான்."

சூசைநாதன் பெர்னார்ட் பக்கம் திரும்பினார். "டேய், நீயெல்லாம் ஒரு வாத்தியாரா? அம்மா முந்தானைக்குள்ள ஒளிஞ்சிக்கிட்டு நிக்கிற! வாயத் தொறயேண்டா!"

பெர்னார்ட் தலையைக் குனிந்துகொண்டான்.

"சரி, கேட்டுக்க ரோசம்மா. என் மக படிப்பு உனக்கு சூசாவா? அவ போறா! இந்த மாசமே போறா! டாக்டர் பட்டத்தோட வந்து இதே பத்து காஜாவுல நிமிர்ந்து நடப்பா. பாத்துக்கிட்டே இரு!"

"போகட்டும், எனக்கென்ன?" ரோசம்மா காலைச் சுற்றிய கோழியை விரட்டினாள்.

"வாம்மா. நாளைக்கு முதல் வேலை, வர்றேன்னு தந்தி அடிக்கிறோம்!"

கேட்டை அறைந்து சாத்திவிட்டுப் போனார். வேலிக்கு அந்தப் பக்கம் நின்று கேட்ட சனங்கள், "சீ, இவளும் ஒரு பொம்பளையா" என்று முகத்தைச் சுளித்துக்கொண்டு கலைந்தார்கள். யாருக்குத்தான் கோபம் வராது?

அப்பாவும் மகளும் தெருமுனை திரும்பும்வரை ரோசம்மா அசையவில்லை. பிறகு தீனிச் சட்டியோடு படியில் தொப்பென்று உட்கார்ந்தாள்.

"தந்தி அடிப்பாராடா?"

"அடிப்பாரும்மா. அவரு வீம்பு எனக்குத் தெரியாதா?" பெர்னார்ட் கண்ணைத் துடைத்துக்கொண்டான். "கத்தரின் அழுதாம்மா. அவகிட்ட மட்டுமாவது சொல்லிடலாமே."

"பிளேன் ஏறின பெறகு சொல்லு. நீ காத்திருப்பேன்னும் சொல்லு. இப்பவே தெரிஞ்சா, பாவி மக, நமக்காகப் போகாம நின்னுடுவா."

"ஊரே உங்களை ஏசுதும்மா. நான்தான் நிறுத்தினேன்னு பாதர்கிட்ட சொல்லியிருக்கலாம்ல?"

ரோசம்மா மகனை நிமிர்ந்து பார்த்தாள்.

"அவ நிறுத்தினா பொண்ணுக்குத் திமிருன்னுவாங்க. நீ நிறுத்தினா பொண்ணுகிட்ட ஏதோ கொறைன்னுவாங்க. மாமியாக்காரி நிறுத்தினாத்தாண்டா, புள்ளைய விட்டுட்டு என்னையப் பேசுவாங்க."