இரண்டு சுற்று

“திரும்பவும் இறுகிப்போச்சு. பிடிச்சுப் பாரும்.”

எமிலியானுஸ் மோட்டார் சைக்கிளைக் கடை வாசலில் நிறுத்திவிட்டு இடது கையை உதறினார். பின்னால் கட்டியிருந்த மீன் பெட்டி வெறுமையாக இருந்தது. விடியற்காலையில் பேசாலையில் மீன் ஏற்றி, பாலம் தாண்டி, முருங்கன் வரை வீடு வீடாக விற்றுவிட்டுத் திரும்பும் வழி. அறுபத்திரண்டு வயது. முகமெல்லாம் உப்பும் புழுதியும்.

கபிலன் எழுந்து வந்தான். தோட்டவெளியில், பெரிய வீதியோரம், தன் வீட்டு விறாந்தையையே மோட்டார் சைக்கிள் திருத்தும் கடையாக்கி வைத்திருப்பவன். கிளச்சைப் பிடித்துப் பார்த்தான். பிடி வெளியே தள்ளி நின்றது. விரலை விரித்து எட்ட வேண்டியிருந்தது.

“ஓம் ஐயா, இறுக்கந்தான். போன செவ்வாய் நல்லா இளக்கித்தானே விட்டனான்?”

“நீர் விட்டனீர். அது நிக்கேல்லையே. ஒரு நாளைக்கு நூறு வீட்டுப் படலையிலை நிப்பாட்டி எடுக்கிறன். விடிய எழும்பினால் விரல் மடங்குதில்லை. சேட்டுப் பொத்தான் பூட்டேலாமல் கிடக்கு.”

“டொக்டர் என்ன சொன்னவர்?”

“கைக்கு ஓய்வு குடுக்கட்டாம். பெட்டிக்குள்ளை கிடக்கிற மீனுக்கும் அதைச் சொல்லிவிடுங்கோ எண்டனான்.”

கபிலன் சிரிக்கவில்லை. “இப்பிடியே விட்டால் கை ஏலாமல் போயிடும் ஐயா.”

“கை போனால் யாவாரமும் போகும். வேறை என்ன.”

சொல்லிவிட்டு, யன்னலோரம் கிடந்த பிளாஸ்டிக் கதிரையில் போய் இருந்தார்.

“அதிலை வெயில். வேம்புக்குக் கீழை தூக்கிப் போடட்டா?”

“இது காணும்.”

ஆறு வாரமாக இதே வேலைதான். முதலில் கிளச்சுக்குப் புதுக் கம்பி போட்டு, வளைவு குறையும்படி எடுத்துக் கட்டினான். பிறகு கைபிடியில் பழைய ரியூப்பைச் சுற்றித் தடிப்பாக்கினான். மணிக்கட்டு மடியாமல் இருக்க ஹாண்டிலைக் கொஞ்சம் உயர்த்தினான். கிளச் பிடியையும் அவர் விரலுக்கு எட்டும்படி உள்ளே எடுத்து வைத்தான். ஒவ்வொரு முறையும், “இப்ப பரவாயில்லை” என்று சொல்லிவிட்டுப் போவார். அடுத்த செவ்வாய் கையை உதறிக்கொண்டு வந்து நிற்பார்.

யன்னல் விளிம்பில் தேநீர் வந்து இருந்தது. சீனி குறைத்து, இஞ்சி தட்டிப் போட்டது. யார் வைத்தது என்று எமிலியானுஸ் திரும்பிப் பார்க்கவில்லை. எடுத்துக் குடித்தார்.

வீட்டுக்குள் ஒரு குழந்தை எதையோ தட்டித் தட்டி, “பாம்... பாம்...” என்றது.

அவர் தேநீரை வைத்துவிட்டு எழுந்து வந்தார். “ஹோனையும் ஒருக்காப் பாரும். சத்தம் குறைஞ்ச மாதிரிக் கிடக்கு.”

தானே இரண்டு தரம் அழுத்தினார். உள்ளே குழந்தை வாய்விட்டுச் சிரித்தது.

“ஹோன் நல்லாத்தானே கத்துது?”

“ஓம். இப்ப சரி.” மறுபடியும் கதிரைக்குப் போனார்.

கபிலன் குனிந்து, கிளச் கம்பியை இறுக்கும் நட்டைத் துணியால் துடைத்தான். போன செவ்வாய் அதன் விளிம்பை ஒட்டிப் புரியின் மேல் சிவப்புப் பெயின்ற்றால் ஒரு கோடு வைத்திருந்தான். நட்டு அந்தக் கோட்டைத் தாண்டி நகர்ந்திருந்தது. சரியாக இரண்டு சுற்று. புரிக்குள் ஒரு மீன் செதில் சிக்கியிருந்தது. அதை விரல் நுனியில் ஒற்றி எடுத்தான்.

“ஐயா, ஒரு வேலை செய்வம். இதிலை ஒரு பசை இருக்கு. போட்டுவிட்டால் இந்த நட்டு ஒரு வருசத்துக்கு அசையாது. நீங்களும் வெயிலுக்குள்ளை இஞ்சை வந்து காத்திருக்கத் தேவையில்லை.”

எமிலியானுஸின் கையில் தேநீர்க் கோப்பை அப்படியே நின்றது.

“பசை ஒண்டும் வேண்டாம்.”

“ஏன்?”

“பிறகு கழட்டேலாமல் போனால்?”

“கழட்டுறதுக்கு என்ன தேவை வரப்போகுது?”

“வேண்டாம் எண்டால் விடுமன். நீர் இண்டைக்கு இளக்கிவிடும். காணும். அடுத்த செவ்வாய் ஒருக்காப் பாப்பம்.”

கபிலன் நட்டை இரண்டு சுற்று இளக்கினான். பிடி விரலுக்கு அருகில் வந்தது. எமிலியானுஸ் கோப்பையை யன்னல் விளிம்பிலேயே வைத்தார். களைத்துப்போய் எழுந்து, கிளச்சைப் பிடித்துப் பார்த்துத் தலையாட்டினார். சோளகக் காற்றுக்கு எதிராக, மெல்ல, பேசாலைப் பக்கம் போனார்.

சத்தம் ஓய்ந்ததும் றெபேக்கா குழந்தையை இடுப்பில் வைத்தபடி வெளியே வந்தாள். வெறும் வீதியைப் பார்த்தாள்.

“அப்பா போயிட்டாரோ?”

“ஓம்.”

“உங்களைக் கட்டினதிலையிருந்து, மூண்டு வருசமா என்னோடை ஒரு கதையும் இல்லை. கை எப்பிடி எண்டு கேக்கவும் ஏலாமல் கிடக்கு. கொஞ்சமாவது சுகமாமோ?”

கபிலன் நட்டிலிருந்து எடுத்த செதிலை அவளிடம் காட்டினான்.

“ஓட்டத்திலை நட்டு இளகுமே தவிர இறுகாது, றெபேக்கா. நான் செவ்வாய்க்குச் செவ்வாய் இளக்கி விடுறதை, உன்ரை அப்பா அந்த நோகிற கையாலையே திருப்பி இறுக்கிக்கொண்டு வாறார்.”