கார்டன்னு சொல்லுங்க

“எம்மகளத் தோட்டத்துக்கு அனுப்பணுமா?”

யுகேந்திரன் போனில் கத்தியது சிலிபின் ஊரில் நாலு வீட்டுக்குக் கேட்டது. மகளின் வகுப்பாசிரியை தினேஸ்வரி வாட்ஸ்அப்பில் போட்டிருந்தது இவ்வளவுதான்: ‘பள்ளி விடுமுறையில் பிள்ளைகளைத் தோட்டத்தில் விளையாட விடுங்கள். படம் எடுத்து அனுப்புங்கள்.’

“எங்கப்பா ரப்பர் தோட்டத்துல மரம் சீவியே முதுகு ஒடிஞ்சாரு டீச்சர். அந்தக் கொசுக்கடிக்குத் தப்பி வந்தவன் நான். எம்மக திரும்ப அங்க போவணுமா? என்னா டீச்சர் லா நீங்க!”

“சார், நான் சொன்னது வீட்டுப் பூந்தோட்டம்...”

“அப்ப கார்டன்னு சொல்லுங்க! தோட்டமாம், தோட்டம்!”

போனை வைத்தவன், “இதெல்லாம் பாடம் சொல்லிக் கொடுக்க வந்துருச்சு” என்றான்.

“நம்ம வீட்டுல ஏதுங்க கார்டன்? புல்லு முளைக்கக் கூடாதுன்னு பூராவும் சிமெண்டு போட்டீங்களே?” என்றாள் மனைவி ஷர்மினி.

“அதுக்குன்னு இடம் இருக்கு. போலாம்.”

காம்பார் பக்கம் போனார்கள். ‘கார்டன் ரிசார்ட்’ என்று வாசலில் இங்கிலீஷில் பொன்னெழுத்து. மறுநாள் விடியுமுன்னே ரிசார்ட்டுக்காரர்கள் மகளை எழுப்பி, தொப்பி மாட்டி, கையில் வாளியும் கொடுத்துக் கூட்டிப் போனார்கள். கொசு பிடுங்கியது. கார்டன் கொசுதானே, பொறுத்துக்கொண்டான்.

வளைத்து வளைத்துப் படமெடுத்தான். ‘மை பிரின்சஸ் இன் த கார்டன்’ என்று எழுதி டீச்சருக்கு அனுப்பினான்.

“பாத்துத் தெரிஞ்சிக்கட்டும், கார்டன்னா என்னான்னு!”

படத்தில் அவன் மகள் ரப்பர் மரம் சீவிக்கொண்டிருந்தாள்.

உடனே பதில் வந்தது: ‘தோட்டம் நல்லா இருக்கு சார்.’