கரடி கழற்றி எறிந்த துப்பாக்கி

மரவள்ளித் தோட்டத்தைக் காட்டுப்பன்றி தோண்டித் தின்கிறதென்று கரடி கடைக்குப் போய் ஒரு ரைஃபிள் வாங்கி வந்தது. வேலிக்கம்பத்தில் மண்சட்டியைக் கவிழ்த்து வைத்துச் சுட்டுப் பழகியது. குண்டு பனைமரத்தில் பாய்ந்தது.

"கம்பெனிக் குழல் சரியில்லை" என்று குழலைக் கழற்றி வேலிக்கு அப்பால் எறிந்துவிட்டு வேறொன்றை மாட்டியது. குண்டு குளத்தில் விழுந்தது.

"அண்ணே, சுடும்போது கண்ணை மூடிக்கிறீங்க" என்றது சட்டி.

"சத்தம்னா எனக்குப் பயம்டா. அதுக்குத்தான் குறி பார்க்க நல்ல ஸ்கோப்பா வாங்கப்போறேன்."

ஸ்கோப் வந்தது. பிறகு துப்பாக்கியின் கட்டை மாறியது, விசை மாறியது, கடைசியில் பூட்டும் மாறியது. கழற்றியதெல்லாம் வேலிக்கு அப்பால் போய் விழுந்தது. சட்டிக்கு ஒரு கீறல்கூட இல்லை.

ஒருநாள் காலையில் காட்டுப்பன்றி துப்பாக்கியோடு வந்து நின்றது. வேலியோரம் கிடந்ததையெல்லாம் பொறுக்கி மாட்டியிருந்தது. கண்ணை அகலத் திறந்து ஒரே ஒரு குண்டு சுட்டது. சட்டி சுக்குநூறாகியது. பன்றி துப்பாக்கியைத் தோளில் மாட்டிக்கொண்டு நிதானமாகக் கிழங்கு தோண்ட ஆரம்பித்தது.

கரடி தயங்கித் தயங்கிப் பக்கத்தில் போனது.

"தம்பி, இவ்வளவு நல்ல துப்பாக்கியை எந்தக் கடையில வாங்கினே?"