தொண்ணூறு கிலோ

“இடது பக்கம் சீட்டே வாணாம்னா, நான் இன்னா உன் மடியிலயா குந்திகினு கோயிலுக்கு வர்றது?” ஐரீன் போட்ட சத்தத்தில் ராயபுரத்தில் எங்கள் தெருவே வாசலுக்கு வந்துவிட்டது.

“ரேஸுக்கு வெயிட்டு கொறையணும்டீ,” என்றான் அவள் புருஷன் சாலமன். வாரமெல்லாம் துறைமுக வேலைக்குப் போகிற அதே கார்தான் ஞாயிற்றுக்கிழமை பந்தயத்துக்கும் போகும்.

சென்ற ஆண்டு வரை அந்த இடது சீட்டு அவன் தோஸ்து எபினேசருக்குத்தான். தொண்ணூறு கிலோ ஆள், மஞ்சள்காமாலையில் போய்விட்டான்.

சாலமன் தனக்கு மட்டும் உடம்பைக் கவ்விப் பிடிக்கிற ரேஸ் சீட்டு மாட்டி, இடது பக்கத்தை மொட்டையாக்கினான். எண்ணூரில் லாரிகளை நிறுக்கும் எடை மேடையில் ஏற்றினால், குறைய வேண்டிய காரில் தொண்ணூறு கிலோ கூடியிருந்தது.

“உள்ள யாராச்சும் கீறாங்களா?” என்றார் எடை போடுபவர்.

யாருமில்லை. மூன்று முறை எடை போட்டும் அதே கணக்கு. சாலமன் கண்ணைத் துடைத்ததை, பின்னாலேயே பஸ் பிடித்து வந்திருந்த ஐரீன் பார்த்தாள்.

மறுநாள் கார் சீட்டுக் கடைக்காரர் அவளுக்கு அளவாக ஒன்றை எடுத்தார்.

“இது பத்தாதுண்ணே. அகலமானது குடு,” என்றாள் குச்சி போலிருக்கும் ஐரீன்.

போன மாதம் இருவரும் மாத்தூருக்குக் குடிபோனார்கள். சீட்டுக்குச் சண்டை போட்டவள் பாத்திரங்களோடு லோடு வண்டியில் ஏறிக்கொண்டாள். சாலமன் காரின் இடது சீட்டில் யாருமில்லை. மாட்டியிருந்த பெல்ட் மட்டும் பெரிய தொப்பையின் மேல் கிடப்பதுபோல முன்னால் வளைந்து நின்றது.