ஒற்றை ஸ்வரம்

"அதை நிறுத்துங்க! யாராவது அந்தச் சத்தத்தை முதல்ல நிறுத்துங்க!"

அந்தப் பெண் கத்தியது இதே வார்த்தைகள்தானா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அன்று சதுக்கத்தில் நின்றவர்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்கிறார்கள். என் நினைவையும் நான் முழுதாக நம்புவதில்லை. ஆனால், தடுப்புக் கயிற்றை இழுத்துப் பிடித்துக்கொண்டு அவள் கத்தியதும், எங்களில் ஒருவருக்கும் அவளைப் பிடிக்காமல் போனதும் நன்றாக நினைவிருக்கிறது.

பட்டப்பகலில் பேராலயத்தின் கூரை எரிந்துகொண்டிருந்தது. பல நூற்றாண்டுகள் தாங்கி நின்ற மர விட்டங்கள் வெடிக்கும் ஓசை எங்கள்வரை வந்தது. அந்த இரைச்சலுக்கெல்லாம் அடியில், உள்ளேயிருந்து ஆர்கன், மோட்டார் ஊதும் காற்றில் குழாய்கள் பாடும் அந்தப் பெரிய வாத்தியம், ஒலித்துக்கொண்டிருந்தது. பாட்டு எதுவும் இல்லை. ஒரே ஒரு ஸ்வரம். கனமாக, மூச்சே விடாமல்.

"கட்டடம் அழுவுது" என்று பூக்கடைக்காரி மண்டியிட்டாள். அவளைப் பார்த்து மற்றவர்களும் மண்டியிட்டார்கள். செல்போன்கள் உயர்ந்தன. நான் கண்ணை மூடிக்கொண்டேன்.

பேருந்தை நடுத்தெருவில் அப்படியே விட்டுவிட்டு ஓடி வந்திருந்த ஓட்டுநர், "கட்டடமாவது அழுவுறதாவது! உள்ள யாரோ மாட்டிக்கிட்டு இருக்காங்கம்மா" என்றார்.

"என் வீட்டுக்காரர்" என்றாள் அவள். "மேல மாடத்துல இருக்கார். ஆர்கனுக்குச் சுருதி சேர்க்க வந்தோம்."

உடனே கூட்டம் முழுவதும் அவளை அணைத்துக்கொள்ள வந்ததுபோல நெருங்கியது.

"ஐயோ, நெருப்புக்கு நடுவுலயும் விடாம வாசிக்கிறாரே மகராசன்!"

"உசுரோட இருக்கேன்னு நமக்குச் சொல்றார். அந்தச் சத்தம் கேக்கற வரைக்கும் நீ பயப்படாத தங்கச்சி" என்றார் ஓட்டுநர்.

"அண்ணே, அது கேக்கற வரைக்கும்தான் எனக்குப் பயம்."

ஓட்டுநர் எங்களைத் திரும்பிப் பார்த்து, நெற்றிப்பொட்டில் விரலைத் தட்டிக் காட்டினார். பாவம், பயத்தில் புத்தி கலங்கிவிட்டது என்றுதான் நானும் நினைத்தேன்.

தீயணைப்பு அதிகாரி கயிற்றருகே வந்தார். அவள் அவர் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"சார், கரண்டை அணைங்க. காத்து மோட்டார் நிக்கணும். அது நின்னாத்தான் அவர் வருவார்."

"உள்ள விளக்கு எரியட்டும்னுதாம்மா விட்டு வெச்சிருக்கேன். இருட்டுல எப்படிப் படி இறங்குவார்? கூரை எப்ப வேணும்னாலும் விழும், என் ஆளுங்களை மேல அனுப்ப முடியாது. அவரா இறங்கி வந்தாத்தான் உண்டு."

"அந்தப் படியில அவர் கண்ணை மூடிக்கிட்டே இறங்குவார் சார். கெஞ்சிக் கேக்கறேன்."

"அணைக்காதீங்க சார்!" பூக்கடைக்காரி எழுந்து வந்தாள். "புருஷன் உசுரைக் கையில பிடிச்சுக்கிட்டு வாசிக்கிறான். இவ அதை நிறுத்தச் சொல்றா. நீ கட்டினவளா, காலனா?"

"ஆமா, அணைக்காதீங்க!" என்று பல குரல்கள் எழுந்தன. என் குரலும் அதில் இருந்ததா? இல்லை என்று சொல்லத்தான் ஆசை.

அவள் அதற்கு மேல் கத்தவில்லை. அதிகாரியின் காதருகே எம்பி ஏதோ சொன்னாள். அவர் முகம் வெளுத்தது. திரும்பிப் பார்க்காமல் ஓடினார்.

ஜன்னல்களில் தெரிந்த வெளிச்சம் அணைந்தது. ஸ்வரம் உடனே அறுபடவில்லை. தளர்ந்து, இறங்கி, கடைசி மூச்சுப்போல இழுத்துக்கொண்டு நின்றது.

"கொன்னுட்டியேடி" என்றாள் பூக்கடைக்காரி, மெதுவாக.

அவளோ பக்கவாட்டுச் சிறிய கதவையே பார்த்துக்கொண்டிருந்தாள். அழுதவர்கள்கூட அழுகையை நிறுத்திவிட்டார்கள். நெருப்பின் சத்தம் மட்டும் இருந்தது. அத்தனை பேர் கூடியிருந்த இடத்தில் அப்படி ஒரு அமைதியை அதற்குப் பிறகு நான் அனுபவித்ததில்லை. அது எவ்வளவு நேரம் நீடித்தது என்று கேட்காதீர்கள்.

கதவு திறந்தது. புகையோடு புகையாக ஒரு மனிதர் தள்ளாடி வெளியே வந்தார். காதிலிருந்து பஞ்சை உருவி எறிந்தார். இருமலுக்கு நடுவே அவளைப் பார்த்தார்.

"வாசிக்கிற கட்டைகிட்ட உன்னைக் காணோம்னதும் உசுரே போயிடுச்சுடி."

ஓட்டுநர் கயிற்றைத் தாண்டிப் போய் அவரைக் கட்டிக்கொண்டார். "கடைசி வரைக்கும் வாசிச்சீங்களே சார்!"

"நான் எங்க வாசிச்சேன்?" என்றார் அவர். "குழாய்ங்களுக்கு நடுவுல, ஆர்கன் பெட்டிக்குள்ளதானே இருந்தேன். ஸ்வரம் நின்னப்புறம்தான் நெருப்பு வெடிக்கிறதே காதுல விழுந்துச்சு."

சற்று நேரத்தில் மாடத்தின் மேலிருந்த கூரை இறங்கியது. பேராலயத்தை இப்போது மறுபடி கட்டிவிட்டார்கள். அதிகாரி வேறு ஊருக்கு மாற்றலாகிப் போனார். ஓட்டுநர் அதே தடத்தில்தான் ஓட்டுகிறார். பூக்கடைக்காரி அந்த ஸ்வரத்தைச் செல்போனில் வைத்திருக்கிறாள். இன்றும் கேட்டு அழுகிறாள். கணவனும் மனைவியும் ஊர் ஊராகப் போய்ச் சுருதி சேர்க்கிறார்கள். அவர் உள்ளே இருக்கும்போது அவள் இடத்தைவிட்டு நகர்வதே இல்லை.

அன்று எங்களை மண்டியிட வைத்தது, அவர் ஒரு குழாயோடு மல்லுக்கட்டிக்கொண்டிருக்க, காது வலிக்கிறதென்று கொஞ்சம் காற்று வாங்க வெளியே வந்த அவள், அவருக்காக அழுத்திப் பிடித்திருந்த கட்டை மேலே எழும்பாமல் இருக்கச் செருகிவிட்டு வந்த ஒரு துண்டுப் பென்சில்.