புரொபசர்

ஆர்கன்சாவின் மே மாத வெயிலோடு கோழி ஆலையின் வாடையும் ஜன்னல் வழியே வருகிறது. பள்ளிக்கூடத்திலேயே கல்லூரிப் பாடம் நடக்கும் வகுப்பு இது. இங்கே மட்டும் மிஸ்டர் ஹாஸ்கெலைப் புரொபசர் என்று கூப்பிட வேண்டும் என்பது அவரே வைத்த வழக்கம். இப்போது அவர் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுகிறார். இந்தப் பாடம் நடத்தத் தேவையான மேற்படிப்பு அவரிடம் இல்லையாம். மாணவர்கள் அவரிடம் படித்த இரண்டு வருஷப் படிப்பும் செல்லாது என்று கல்லூரி சொல்லிவிட்டதாம். “அப்ப நாங்க எழுதின கட்டுரையெல்லாம் கோழித் தீனியா?” என்கிறான் டெவன். யாரும் சிரிக்கவில்லை. முன் வரிசையில் இருக்கும் மாரிசெலாவின் அம்மா அந்த ஆலையில்தான் இறக்கை வெட்டுகிறாள். விரல்கள் மடங்குவதில்லை. இந்த வகுப்பால் மகள் ஒரு வருஷம் முந்தியே நர்ஸ் ஆகிவிடுவாள், வேலையை விட்டுவிடலாம் என்றிருக்கிறாள். “உங்களுக்கு எப்பத் தெரியும், புரொபசர்?” என்று கேட்கிறாள் மாரிசெலா. “போன வருஷமே தெரியும்மா. எப்படியாவது சரிக்கட்டிடலாம்னு நெனச்சேன்.” “போன வருஷமேவா? அதுக்கப்புறமும் எங்க வீட்டுக்கு வந்து, எங்கம்மா கையால சாப்பிட்டுட்டு, கவலப்படாதீங்கன்னு சொன்னீங்களே!” ஆலைச் சங்கு ஊதுகிறது. மாரிசெலா பையை எடுத்துத் தோளில் மாட்டுகிறாள். “அம்மாவுக்கு ஷிப்ட் முடிஞ்சிருச்சு. போய்ச் சொல்லணும், மிஸ்டர் ஹாஸ்கெல்.”